நன்னீர் இறால் குளத்தில் நீர்த்தாவரத் தீவனம்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

பண்ணையாளர்கள் ஸ்கேம்பி என்று அழைக்கும் நன்னீர் இறால், அதாவது மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்ஜி, ஓர் அனைத்துண்ணி. புழு, பூச்சி, சிறு நத்தை, தானியம், பாசி, மட்கிய இலை என்று குளத்தின் அடியில் எது அகப்பட்டாலும் தின்னும். இறால் வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடுவதால், நீரில் மிதக்கும் சிறு தாவரங்களான அசோலா, லெம்னா, மற்றும் வள்ளைக்கீரை, நீருக்குள் மூழ்கி வளரும் வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களைக் கொடுத்து அந்தச் செலவைக் குறைக்கலாம் என்று சிறு பண்ணையாளர்கள் எண்ணுவது இயல்பு. அது சரியான எண்ணமும்கூட. ஆனால் தாவரம் குளத்துக்குள் போன பிறகு எழும் சிக்கல்களில் பலவற்றுக்குக் காரணம் ஓரிடத்திலும் அறிகுறி வேறோரிடத்திலும் இருப்பதால், இறாலுக்கு மருந்து தேடுவதிலேயே நாள்கள் கழிந்து, தண்ணீரைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதைத் தவிர்ப்பதற்காகவே இந்த வழிமுறை கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதப்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் உள்நாட்டு மாவட்டங்களில் காணப்படும் அரை ஏக்கர் முதல் இரண்டு ஏக்கர் வரையிலான, சுமார் ஒரு மீட்டர் ஆழமுள்ள மண் குளங்களை மனத்தில் கொண்டு இதைப் படிக்க வேண்டுகிறேன்.

நீர்த்தாவரம் குளத்தில் உணவாக மட்டும் இருப்பதில்லை. சட்டை உரித்த, அதாவது வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றிய இறால் ஒளிந்துகொள்ள அது மறைவிடமாகிறது. அதன் தண்டிலும் வேரிலும் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகின்றன. இலையைக் கடிப்பதைவிட இந்தப் படலத்தைச் சுரண்டித் தின்பதில்தான் இறால் அதிக நேரம் செலவிடுகிறது. தின்னப்படாமல் மிஞ்சினால் அதே தாவரம் கழிவாக மாறி அடிமண்ணில் அழுகுகிறது. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி நிலையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு அளவுகளை எடுத்துவிட வேண்டும். சூரியன் எழுவதற்கு முன், குளத்தின் அடிப்பகுதி நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் எவ்வளவு என்பது ஒன்று. பிற்பகல் மூன்று மணியளவில் நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். எவ்வளவு என்பது மற்றொன்று. இறால் அடியில் வாழும் உயிர் என்பதால், கரையில் நின்று மேல்நீரை மொண்டு அளந்தால் உண்மை தெரியாது. ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும், பி.எச். 7 முதல் 8.5 வரையிலும் இருந்தால் தண்ணீர் இப்போதைக்குக் குற்றமற்றது என்று வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

அறிகுறி: போட்ட தாவரம் காலையில் அப்படியே கிடக்கிறது

அசோலாவும் லெம்னாவும் மிதப்பவை. இறால் அடியில் ஊர்வது. இந்த எளிய உண்மையை மறந்து, கூடை கூடையாக அசோலாவை நீரின் மேல் கொட்டிவிட்டு, இறால் தின்னவில்லையே என்று வருந்துவோர் பலர். கரையோர ஆழமற்ற பகுதியில் இரவில் ஏறிவரும் சில இறால்கள் வேர்நுனிகளைக் கடிப்பதுண்டு என்றாலும், குளத்திலுள்ள பெரும்பாலான இறால்களுக்கு அந்தப் பச்சை விரிப்பு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது.

தாவரத்தை அடிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பச்சை அசோலாவை நிழலில் பரப்பி ஓர் இரவு வாடவிட்டு, கையால் கசக்கி, நனைத்த தவிட்டுடனும் கடலைப் பிண்ணாக்குத் தூளுடனும் பிசைந்து உருண்டையாக்கி, வலை அடித்த தீவனத் தட்டில் வைத்து இறக்கினால் அது மிதக்காது. வள்ளைக்கீரையாக இருந்தால், முற்றிய தண்டைக் கழித்துவிட்டு, இலையையும் இளந்தண்டையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு நாள் வாடவைத்துக் கொடுக்கலாம். வாடிய இலை மென்மையாகிவிடுவதால் இறாலுக்குக் கிழிப்பது எளிது. அதன் மேல் நுண்ணுயிர்ப் படலமும் விரைவாகப் படிகிறது.

எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். நன்னீர் இறால் இரவில் சுறுசுறுப்பாக மேயும். தாவரத்தைக் காலையில் போட்டால் பகல் முழுவதும் அது வெந்நீரில் ஊறிச் சாரமிழந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் கொடுத்து, காலை ஆறு மணிக்குத் தட்டைத் தூக்கிப் பார்ப்பதே பொருத்தமான வழக்கம்.

தட்டைத் தூக்கும்போது என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இலையின் மென்மையான பகுதி கிழிக்கப்பட்டு நடுநரம்பு மட்டும் கிடந்தால் இறால் தின்றிருக்கிறது. தட்டின் வலையில் பச்சை கலந்த கரும்பழுப்பு நூல்போன்ற இறால் கழிவு ஒட்டியிருந்தால் அது இன்னும் உறுதி. இலை முழுதாக இருந்து, ஆனால் அதன் மேலிருந்த வழுவழுப்பு மட்டும் காணாமல் போயிருந்தால், இறால் படலத்தைச் சுரண்டியிருக்கிறதே தவிர இலையை உண்ணவில்லை. இலையும் முழுதாக, வழுவழுப்பும் அப்படியே இருந்தால், இறால் தட்டுக்கு வரவே இல்லை என்று பொருள். அந்த நிலையில் பக்கத்திலேயே இன்னொரு தட்டில் ஒரு பிடி குருணைத் தீவனம், அதாவது கடையில் வாங்கும் கம்பெனித் தீவனம் வைத்துப் பார்க்க வேண்டும். குருணையும் மிஞ்சினால் குற்றம் தாவரத்தில் இல்லை. ஆக்சிஜன் குறைவு, கோடையில் 33 டிகிரியைத் தாண்டிய நீர், அல்லது குளத்திலுள்ள பல இறால்கள் ஒரே சமயத்தில் சட்டை உரிப்பது ஆகிய மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். குருணை தீர்ந்து தாவரம் மட்டும் மிஞ்சினால், தாவரத்தின் வகையையோ பக்குவத்தையோ மாற்ற வேண்டும்.

வகையைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெங்காயத்தாமரை எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தீவனமாக்க முயல்வது வீண். அதன் இலையில் நாரும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் மிகுதி. கழிவுநீர் கலந்த ஏரியில் வளர்ந்ததாக இருந்தால் கன உலோகங்களையும் தன்னுள் சேர்த்து வைத்திருக்கும். அதை மட்கவைத்து எருவாக்குவது நல்லது. இறால் குளத்துக்குள் கொண்டுவருவது நல்லதன்று.

அறிகுறி: விடியற்காலையில் இறால்கள் கரையோரம் ஒதுங்குகின்றன, தாவரத்தின் மேல் ஏறி நிற்கின்றன

இது அவசர நிலை. இதைப் படித்து முடிக்கும்வரை காத்திராமல், நீரில் காற்றைக் கலக்கும் கருவியான ஏரேட்டரை ஓட்டுங்கள். ஏரேட்டர் இல்லையென்றால் பம்பு செட் நீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்சுங்கள். அன்றைய தீவனத்தையும் தாவரத்தையும் நிறுத்திவிடுங்கள். பகலில் அடிமண் பக்கம் ஒதுங்கி வெளிச்சத்தைத் தவிர்க்கும் இறால், விடிந்த பிறகும் கொடுக்கு விரித்து நீர்மட்டத்துக்கு அருகில் அசையாமல் நிற்கிறதென்றால், அடிநீரில் மூச்சுவிட முடியவில்லை என்று பொருள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் இருந்தால் அது சுமார் 4,000 கன மீட்டர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் என்ற நல்ல நிலையில்கூட, அந்தக் குளம் முழுவதிலும் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 20 கிலோதான். இப்போது 100 கிலோ பச்சை அசோலா தின்னப்படாமல் அடியில் அமிழ்ந்து அழுகுவதாகக் கொள்வோம். அதில் 93 கிலோவுக்கு மேல் தண்ணீர். எஞ்சும் ஆறேழு கிலோ உலர்பொருள் முழுவதும் சிதைவதற்கு ஏறத்தாழ அதே எடையளவு ஆக்சிஜன் வேண்டும். அது ஓர் இரவில் நடந்துவிடாது. சில நாள்களில் நடக்கும். ஆனால் நாள்தோறும் 100 கிலோ போட்டு நாள்தோறும் பெரும்பகுதி மிஞ்சினால், குளத்தின் மொத்த இருப்பில் கால்பங்குக்கும் மேல் அன்றாடம் அழுகலுக்கே போகிறது. அதற்கு மேல்தான் இறாலும் மீனும் பாசியும் மூச்சுவிட வேண்டும்.

உயிருள்ள தாவரமும் இதில் பங்குகொள்கிறது. அசோலாவோ லெம்னாவோ நீர்ப்பரப்பை மூடிவிட்டால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைவது தடைபடுகிறது. ஒளி உள்ளே புகாததால் நீரிலுள்ள நுண்பாசியும் ஆக்சிஜன் உண்டாக்க முடியாமல் மடிகிறது. வேலம்பாசி போன்ற மூழ்குதாவரம் பகலில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தாலும் இரவில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மேகமூட்டமான ஐப்பசி, கார்த்திகை நாள்களில் கொடுப்பது குறைந்து எடுப்பது குறையாமல் நீடிப்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வெடிக்கிறது.

சரிசெய்ய, மிதக்கும் தாவரத்தை மூங்கில் சட்டத்துக்குள்ளோ பி.வி.சி. குழாய் வளையத்துக்குள்ளோ அடக்கி, நீர்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். வளையத்தைக் காற்று போய் மோதும் கரையில் கட்டுவது நல்லது. இல்லையேல் சட்டம் உடைந்த அன்றே குளம் முழுவதும் பரவிவிடும். அசோலா நல்ல நிலையில் மூன்று முதல் ஐந்து நாள்களில் இரட்டிப்பாகும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை வாரி எடுக்காவிட்டால் அடக்கி வைத்ததன் பயன் போய்விடும். உண்மையில் அசோலாவை இறால் குளத்திலேயே வளர்ப்பதைவிட, கரையில் சில்பாலின் எனும் பிளாஸ்டிக் தாள் விரித்த தனித் தொட்டியில் வளர்த்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்துக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். மூழ்குதாவரம் அடிப்பரப்பில் கால்பங்கைத் தாண்டினால் வாரியால் இழுத்து அகற்ற வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் பிடுங்கினால் அடிச்சேறு கலங்கி நிலைமை இன்னும் மோசமாகும் என்பதால், பகுதி பகுதியாக, முற்பகலில், ஏரேட்டர் ஓடும்போது செய்ய வேண்டும். களைக்கொல்லி தெளித்துக் கொல்லலாம் என்ற யோசனை வரவே கூடாது. மடிந்த தாவரம் முழுவதும் ஒரே சமயத்தில் அழுகும்.

அறிகுறி: காலையில் எல்லாம் நன்றாக இருக்கிறது, பிற்பகலுக்குப் பின் இறால் சாகிறது

மூழ்குதாவரம் அடர்ந்த குளங்களில் இது நேர்கிறது. தாவரம் வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் பி.எச். மணிக்கு மணி ஏறி, பிற்பகலில் 9-ஐத் தாண்டிவிடுகிறது. அந்த உயர்வே இறாலுக்குத் துன்பம். கூடவே அம்மோனியாவும் இருந்தால் அது நஞ்சாகிறது. நீரின் வெப்பம் 30 டிகிரியாக இருக்கையில், பி.எச். 8-ல் மொத்த அம்மோனியாவில் ஏழெட்டு விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 9-ல் அது 40 விழுக்காட்டைத் தாண்டும். காலையில் சோதனைப் பெட்டி காட்டிய அதே அம்மோனியா அளவு, மாலையில் ஐந்து மடங்குக்கு மேல் கொடியதாகிவிடுகிறது.

இங்கே பலரும் செய்வது சுண்ணாம்பு இடுவது. சுட்ட சுண்ணாம்போ நீற்றுச் சுண்ணாம்போ பி.எச்.-ஐ மேலும் ஏற்றும். இறால் உள்ள குளத்தில் இந்த நிலையில் அதை இடக்கூடாது. நீரில் கால்பங்கை மாற்றி, மூழ்குதாவரத்தைக் கட்டம் கட்டமாகக் குறைத்து, பிண்ணாக்கு, குருணை ஆகியவற்றின் அளவைச் சில நாள்களுக்குப் பாதியாக்குவதே வழி. நீரின் காரத்தன்மை, அதாவது பி.எச். மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும் ஆற்றல், மிகக் குறைவாக இருப்பதால்தான் பி.எச். இவ்வளவு ஊசலாடுகிறது என்று சோதனையில் தெரிந்தால், நிலைமை தணிந்த பிறகு அரைத்த சுண்ணாம்புக்கல் தூளை, அதாவது விவசாயச் சுண்ணாம்பை இடலாம். அது மெல்லக் கரைந்து ஊசலாட்டத்தைத் தணிக்குமே தவிர, பி.எச்.-ஐத் தூக்கிவிடாது.

அறிகுறி: தாவரத்தை நன்றாகத் தின்கிறது, ஆனால் எடை ஏறவில்லை

இதுதான் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. அசோலாவில் 25 விழுக்காடு புரதம் இருக்கிறது, கம்பெனித் தீவனத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கிறது, பிறகு ஏன் ஒன்றுக்கு ஒன்று மாற்றக்கூடாது என்று கேட்கிறார்கள். அந்த 25 விழுக்காடு உலர்ந்த அசோலாவுக்கு உரியது. 100 கிலோ பச்சை அசோலாவை உலர்த்தினால் ஆறு கிலோ கிடைக்கும். அதில் புரதம் ஒன்றரை கிலோ. 30 விழுக்காடு புரதமுள்ள குருணைத் தீவனம் ஐந்து கிலோவிலேயே அவ்வளவு புரதம் இருக்கிறது. அதாவது, 100 கிலோ பச்சை அசோலா, காகிதக் கணக்கில்கூட, ஐந்து கிலோ குருணைக்குத்தான் சமம். அசோலாவில் நாரும் சாம்பலும் மிகுதி என்பதால் செரிப்பதைக் கணக்கில் கொண்டால் அதற்கும் கீழே. இறாலின் இரைப்பை சிறியது. நீர் நிறைந்த பச்சையால் அதை நிரப்பிக்கொண்ட இறால் பசியடங்கிவிடும், ஆனால் வளராது. மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்களும், இறாலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத கொலஸ்ட்ராலும் தாவரத்திலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. புழுவும் நத்தையும் மீன்தூளும் அவற்றைக் கொடுக்கின்றன.

ஆகவே தாவரத்தை உலர்த்திக் கொடுப்பதே எடைக்கான வழி. நேர் வெயிலில் காயவைத்தால் பச்சையம் வெளுத்து, இறாலின் ஓட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் சிதைகிறது. நிழலில், அடிக்கடி புரட்டி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை உலர்த்த வேண்டும். பிறகு தூளாக்கி, கடலைப் பிண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், தாது உப்புக் கலவை ஆகியவற்றுடன் சேர்த்து, மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, முறுக்கு அச்சிலோ இறைச்சி அரைக்கும் எந்திரத்திலோ பிழிந்து உலர்த்திக்கொள்ளலாம். இதில் அசோலாத் தூள் கலவையின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கட்டும். வளர்ச்சி குறையாமல் இருந்தால் ஐந்தில் ஒரு பங்குவரை ஏற்றலாம். அதற்கு மேல் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பிழிந்த தீவனம் நீரில் கரையாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இறால் மீனைப்போல் விழுங்குவதில்லை. முன்னங்கால்களின் சிறு கொடுக்குகளால் துணுக்கைப் பிடித்து, வாயருகே வைத்து, கொறித்துக் கொறித்துத் தின்னும். ஒரு மணி நேரமாவது உருக்குலையாமல் நிற்காத தீவனம் பாதிக்கு மேல் சேற்றுக்கே போகும்.

ஆனால் எடை ஏறவில்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன், யாரை எடை பார்த்தோம் என்பதையும் சிந்திக்க வேண்டும். இந்த இனத்தின் ஆண்கள் ஒரே சீராக வளர்வதில்லை. நீலக்கொடுக்கு ஆண், ஆரஞ்சுக்கொடுக்கு ஆண், குட்டை ஆண் என்று மூன்று வடிவங்கள் ஒரே குளத்தில், ஒரே நாளில் விட்ட குஞ்சுகளிடையே தோன்றும். வேகமாக வளர்வது ஆரஞ்சுக்கொடுக்கு. அது நீலக்கொடுக்காக மாறியபின் வளர்ச்சி நின்றுவிடும். நீலக்கொடுக்கின் ஆதிக்கத்தால் குட்டை ஆண்கள் குட்டையாகவே கிடக்கும். சினைப்பிடித்த பெண்களும் ஆற்றலை முட்டைக்குச் செலவிடுவதால் மெல்லவே வளரும். எனவே வலையில் விழுந்த பத்து இறால்களின் சராசரியை மட்டும் வைத்துத் தீவனத்தைக் குறை சொல்லக்கூடாது. வளர்ப்பின் ஐந்தாம் மாதத்திலிருந்து பெரிய நீலக்கொடுக்கு ஆண்களையும் சந்தை அளவை எட்டிய பெண்களையும் பிடித்து விற்றுவிட்டால், எஞ்சியவை தாமாகவே எழுந்து வளர்வதைக் காணலாம். தீவனத்தை மாற்றாமலே கிடைக்கும் பலன் இது.

அறிகுறி: ஓடு மென்மையாகவே இருக்கிறது, கால்களும் கொடுக்குகளும் இழந்த இறால்கள் அதிகம்

சட்டை உரித்த பின் ஓடு இறுகுவதற்கு இறால் நீரிலுள்ள கால்சியத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. அடர்ந்த மூழ்குதாவரம் பி.எச்.-ஐ ஏற்றும்போது கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுவதால், நீரில் கரைந்திருக்கும் கால்சியம் குறைகிறது. வேலம்பாசியின் இலையைத் தடவினால் வெண்மணலைப் போலச் சொரசொரப்பாக இருந்தால் அதுவே சான்று. மொத்தக் கடினத்தன்மையைச் சோதித்து, அது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் விவசாயச் சுண்ணாம்போ, மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட்டோ இட வேண்டும். மாறாக 300-க்கு மேல் உள்ள கடினமான கிணற்று நீரில், கால்சியம் சேர்ப்பது தீங்கு. அங்கே வளர்ச்சி மந்தமாகி ஓட்டின் மேல் படிமம் ஏறும்.

கால் இழப்பு பெரும்பாலும் சண்டையால் நேர்வது. மென்மையான இறாலை மற்றவை தின்னும் இயல்பு இதற்கு உண்டு. தாவரம் தரும் மிகப்பெரிய நன்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். தீவனமாக அது காப்பாற்றும் இறாலைவிட மறைவிடமாக அது காப்பாற்றும் இறால் அதிகம். தாவரத்தைக் குறைக்க வேண்டிய குளமாக இருந்தால், அகற்றும் இடத்தில் பனை மட்டை, மூங்கில் கிளை, பழைய வலைத் துண்டு ஆகியவற்றை நட்டு வைத்துவிட்டே அகற்ற வேண்டும்.

அறிகுறி: செவுள் கறுத்திருக்கிறது, உடலில் பழுப்புப் பஞ்சு படிந்திருக்கிறது, ஓட்டில் கரும்புள்ளிகள்

மூன்றும் தனித்தனி நிலைகள் என்றாலும், தாவரம் கொடுக்கும் குளங்களில் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன, ஏனென்றால் மூன்றுக்கும் அடிச்சேற்றில் சேர்ந்த கரிமக் கழிவு இடங்கொடுக்கிறது. பஞ்சுபோன்ற படிவு எபிஸ்டைலிஸ், சூத்தாம்னியம் போன்ற ஒருசெல் உயிர்களின் கூட்டம். அவை இறாலைத் தின்பதில்லை, மேலேறி அமர்ந்து மூச்சுக்குத் தடையாகின்றன. சட்டை உரித்தால் அவையும் கழன்றுபோகும். ஆகவே இறால் நன்றாக உண்டு, காலத்தில் சட்டை உரிக்கும் குளத்தில் இது தங்காது. கரும்புள்ளி ஓட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்களால், பெரும்பாலும் காயத்தின் வழியே வருகிறது.

தீவனத் தட்டுக்குக் கீழே உள்ள மண்ணை ஒரு கை எடுத்து முகர்ந்து பாருங்கள். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால், தட்டின் இடத்தை உடனே மாற்ற வேண்டும். தாவரத்தை ஒரு வாரம் நிறுத்தி, அடிநீரை வெளியேற்றி, புது நீர் விட வேண்டும். இந்த நிலையில் எதிருயிரி மருந்துகளை வாங்கித் தீவனத்தில் கலப்பது பயனற்றது. அதன் எச்சம் இறாலில் தங்கினால் விற்பனையே கெடும்.

அறிகுறி: வால்சதை பால்போல் வெளுத்திருக்கிறது

தெளிவாக இருக்க வேண்டிய சதை குஞ்சுகளில் வால் பக்கமிருந்து வெளுத்து வந்து, சில நாள்களில் கூட்டமாகச் சாகுமானால், அது வைரசால் வரும் வெண்வால் நோயாக இருக்கலாம். தாவரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தீவனத்தை மாற்றிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதாகும். உயிருள்ள மாதிரியை மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கோ மீன்வளத் துறைக்கோ கொண்டுபோய் பி.சி.ஆர். சோதனை செய்துகொள்ளுங்கள், அதுவரை அந்தக் குளத்தின் வலையையும் தாவரத்தையும் வேறு குளத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வளர்ந்த இறால்களில், வலை இழுத்த மறுநாள் ஓரிரண்டு மட்டும் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் அதிர்ச்சியால் வந்தது.

அறிகுறி: புதிய தாவரம் கொண்டுவந்து போட்ட சில மணி நேரத்தில் இறப்பு

பூச்சிமருந்து என்று முதலில் சந்தேகியுங்கள். வயல் வாய்க்காலிலிருந்து வாரிவந்த தாவரத்தில் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்தின் எச்சம் ஒட்டியிருக்கலாம். பூச்சியும் இறாலும் கணுக்காலிகள் என்பதால், பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து மிகச் சிறு அளவிலும் இறாலைக் கொல்லும். அதே குளத்தில் உள்ள கெண்டை மீன்கள் பிழைத்திருக்க இறால் மட்டும் சாவது இதன் அடையாளம். இறால் துடித்து, வட்டமடித்து, மல்லாந்து விழும். தாவரத்தை ஒன்றுவிடாமல் வாரி எடுத்து, நீரை இயன்றவரை மாற்றுவதைத் தவிர வேறு மாற்று இல்லை.

வெளியிலிருந்து வரும் எந்தத் தாவரத்தையும் முதலில் ஒரு தொட்டியில் கழுவி, அந்தக் கழுவிய நீரோடு ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு, காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல் இட்டு, ஐந்தாறு இளம் இறால்களை ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். அவை பிழைத்தால் குளத்துக்குள் விடலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. செய்யாமல் விட்டதால் ஒரு பருவ உழைப்பை இழந்த குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது. மேலும் வாய்க்கால் தாவரத்தோடு தட்டான்பூச்சியின் இளம்பருவப் புழு, நீர்த்தேள், விரால் குஞ்சு ஆகியவை குளத்துக்குள் வருகின்றன. குஞ்சு விட்ட முதல் மாதத்தில் காரணம் தெரியாமல் எண்ணிக்கை குறைவதற்கு இவை பெரும் காரணம். அசோலாவின் தாய்வித்தை வேளாண் அறிவியல் நிலையங்களிலிருந்து பெற்றுத் தனித்தொட்டியில் பெருக்கிக்கொண்டால் இந்த அச்சங்கள் அனைத்தும் தீரும்.

அறிகுறி: தொட்டியிலுள்ள அசோலா சிவந்து சிறுத்துவிட்டது

கடும் வெயிலாலோ, மணிச்சத்து எனும் பாஸ்பரஸ் குறைவாலோ இப்படி ஆகும். முதலில் பாதி நிழல் கிடைக்கும்படி பச்சை வலை கட்டிப் பாருங்கள். ஒரு வாரத்தில் பசுமை திரும்பாவிட்டால் சிறிது சூப்பர் பாஸ்பேட் கரைத்து விடலாம். இலைகள் பின்னப்பட்டுக் கூடு கட்டியதுபோல் இருந்தால் புழு விழுந்திருக்கிறது. இறாலுக்குப் போகவிருக்கும் அசோலாவில் பூச்சிமருந்து தெளிக்கக்கூடாது. தொட்டியைக் காலிசெய்து, வெயிலில் காயவைத்து, புதிய வித்தைப் போடுவதே பாதுகாப்பு. புழுவோடு வாரிய அசோலாவை வீணாக்க வேண்டாம். கோழிகள் விரும்பித் தின்னும்.

அறிகுறி: அறுவடையில் வலை நகர மறுக்கிறது

மூழ்குதாவரம் வலையின் அடிக்கயிற்றில் சுருண்டு கயிற்றைத் தரையிலிருந்து தூக்கிவிடுவதால், இறால்கள் அடிவழியே நழுவிவிடுகின்றன. அகப்பட்டவையும் பாசிக்குள் நசுங்கிக் கொடுக்கு ஒடிந்து விலை இழக்கின்றன. பிடிப்பதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே தாவரத்தைக் கட்டம் கட்டமாக அகற்றத் தொடங்கி, கடைசி மூன்று நாள்களில் எதையும் புதிதாகப் போடாமல், நட்டுவைத்த மட்டைகளை வலை இழுக்கும் அன்று காலையில் எடுத்துவிட வேண்டும்.